பி.எம்.ஐ. எண்ணும் இடுப்பு டேப்பும்

கிளினிக்கில் எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள், அட்டையில் ஓர் எண்ணை எழுதித் தருகிறார்கள். 24.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நார்மல்தானே மிஸ்ஸி?’ என்று கேட்டால், ‘கொஞ்சம் கூடத்தான்ணே, பார்த்து நடந்துக்குங்க’ என்று பதில் வரும். 25-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று நீங்கள் எங்கோ படித்திருப்பீர்கள். மிஸ்ஸி சொல்வதும் தவறில்லை. மலேசிய சுகாதார அமைச்சின் உடற்பருமன் வழிகாட்டியில் 23-லேயே எடை கூடிவிட்டதாகக் கணக்கு. அதே ஆள், அதே எடை. ஒரு கணக்கில் தேறுகிறார், இன்னொன்றில் தேறவில்லை. நெகிரி செம்பிலானின் லாபு, சுவா பெத்தோங், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு எந்தக் கணக்கு பொருந்தும்? அந்த எண்ணை வைத்து உடற்பயிற்சிக்கு இலக்கு வைக்கலாமா? இந்த அத்தியாயம் இந்த இரண்டு கேள்விகளுக்காக எழுதப்பட்டது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்குப் பொருந்துவது 23. எப்போது பரிசோதனைக்குப் போகவேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக்கு அதையே இலக்காக வைத்தால், எண் சரியாக இருப்பவர் தொப்பையை மறந்துவிடுவார். எண் இறங்காதவர் மனம் சலித்து, நன்மை தந்துகொண்டிருந்த நடையையும் நிறுத்திவிடுவார். இரண்டையும் நம் ஆட்களிடம் நிறையவே பார்க்கிறோம்.

கணக்கு வந்த வழி

எடையைக் கிலோவில் எடுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். எடையை அப்படி வந்த எண்ணால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 165 செ.மீ. உயரமுள்ளவர் 68 கிலோ இருந்தால், 1.65-ஐ 1.65-ஆல் பெருக்க 2.72, 68-ஐ அதால் வகுக்க 25. கணக்குப் போட விருப்பமில்லாதவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்: 23 என்ற கோடு, 152 செ.மீ. உயரத்துக்கு 53 கிலோவில் விழும், 160-க்கு 59, 165-க்கு 62.5, 170-க்கு 66.5. உடற்பருமன் தொடங்கும் 27.5 என்ற கோடு, அதே உயரங்களுக்கு 63.5, 70.5, 75, 79.5 கிலோ. 18.5-க்குக் கீழே போனால் எடைக் குறைவு.

இந்தக் கணக்கைக் கண்டவர் மருத்துவர் அல்லர்; அடோல்ஃப் கெத்தலே என்ற பெல்ஜிய நாட்டு வானியல், புள்ளியியல் அறிஞர். 1830-களில், ஒரு நாட்டின் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியவர், வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுவதைக் கவனித்தார். யாருக்கு வியாதி வரும் என்பது அவருடைய கேள்வியாகவே இருக்கவில்லை. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஆராய்ந்து, உடற்கொழுப்பை ஓரளவு காட்டுவதற்கு இருக்கும் எளிய கணக்குகளில் இது பரவாயில்லை என்று முடிவு சொன்னார்கள். பி.எம்.ஐ. என்ற பெயரும் அப்போது வந்ததுதான். அந்த ஆய்வில் பெண்கள் இல்லை. இந்திய வம்சாவளியினரும் இல்லை.

ஆக, பெருங்கூட்டத்தை ஒரே பார்வையில் பார்ப்பதற்கு இது நல்ல அளவு. மலேசியப் பெரியவர்களில் 25-ஐத் தாண்டியவர்கள் 2019-இல் நூற்றுக்கு 50 பேர், 2023-இல் 54 பேர் என்று தேசிய சுகாதார ஆய்வு சொல்லும்போது, நாடு எந்தப் பக்கம் போகிறது என்று தெளிவாகத் தெரிகிறது. செலவில்லை, ரத்தம் எடுக்க வேண்டாம், தோட்டத்து பாலாய் ராயாவில் ஒரு நிறுவையும் ஓர் அளவுகோலும் இருந்தால் ஒரே காலையில் நூறு பேரைப் பார்த்துவிடலாம். தனி மனிதர் ஒருவரிடம் வரும்போதுதான் கணக்கு தடுமாறுகிறது. நிறுவை காட்டும் கிலோவில் எலும்பு உண்டு, சதை உண்டு, நீர் உண்டு, கொழுப்பு உண்டு. எது எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

எடையை மட்டும் பார்த்தால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு நெகிரி செம்பிலானிலேயே பழைய சாட்சி உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மாநிலத்தின் சுரங்கங்களிலும் சாலை வேலைகளிலும் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. அதில் ஒரு வகை, காலிலிருந்து நீர் ஏறி உடம்பை வீங்க வைக்கும். இதயம் தளர்ந்து ஆள் செத்துக்கொண்டிருப்பார், நிறுவையில் நின்றால் எடை கூடியிருக்கும். மாநிலத்தின் தலைமை அறுவை மருத்துவராக இருந்த பிராடன், பச்சரிசியைத் தீட்டிச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை அந்த நோய் பிடிப்பதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது பெரும்பாலும் விட்டுவிடுவதையும் கவனித்து 1907-இல் புத்தகமே எழுதினார். அரிசியில் நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்த காரணம் சரியில்லை. கண்ணால் கண்டது சரி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள், இதே மாநிலத்துக் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டிய அரிசி தின்ற பிரிவில் நோய் வந்தது. நம் பாட்டன்மாரைக் காத்தது தட்டில் இருந்த சோறு. அந்த வித்தியாசம் நிறுவையில் தெரிந்திருக்காது.

நம் உடம்புக்கு ஏன் 23

2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடலில் இருந்த கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. யாஜ்னிக் குழுவினர் புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, பிறக்கும்போதே எடை குறைவாகவும் அந்தச் சிறிய உடம்புக்குள் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும் இருப்பதைக் கண்டார்கள். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வருவது நம் ஆட்களிடம் அடிக்கடி தெரிகிறதே, அதன் தொடக்கம் தாயின் வயிற்றிலேயே இருக்கலாம்.

இதுபோன்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லும் 27.5-லும் கவனம் தொடங்கவேண்டும் என்று 2004-இல் சொன்னது. மலேசிய வழிகாட்டி அந்த எண்களையே எடுத்துக்கொண்டது. பின்னர் இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வந்தது. வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 30-இல் இருக்கும் இனிப்புநீர் ஆபத்து, தெற்காசியருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது என்றது அது. இந்த ஆறு புள்ளி வித்தியாசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 16 கிலோ.

இங்கே என்ன நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. நாட்டின் சராசரி 18. எந்தத் தாமானுக்கும் போய், ஒரு வரிசை வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். கால் விரல் எடுத்தவர், டயாலிசிஸ் போகிறவர், கண் மங்கியவர் என்று வீட்டுக்கு வீடு கதை இருக்கும். ஆகவே அட்டையில் 23.5 என்று வந்தால், ‘இன்னும் 25 ஆகலையே’ என்று திரும்பி வந்துவிடாதீர்கள். அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்து, உங்களுக்கு முப்பது வயதும் ஆகிவிட்டால், எண் 21 என்றிருந்தாலும் கேளுங்கள். பி.எம்.ஐ. நமக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

தோட்டத்து உடம்பும் தாமான் உடம்பும்

முந்தைய தலைமுறையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்களம், பிறகு மரத்துக்கு மரம் குனிந்து பால்வெட்டு, மங்கு துடைப்பு, வெயில் ஏறியதும் பால் எடுத்து, இரண்டு வாளியையும் காண்டாவில் தொங்கவிட்டு மேடு பள்ளத்தில் ஸ்டோருக்கு நடை. ஒரு நிரைக்கு ஐந்நூறு மரம் என்றால் அத்தனை தடவை உடம்பு வளைந்து நிமிர்கிறது. அந்த வேலைக்கு ஒரு தட்டு முழுக்கச் சோறும் சீனி போட்ட தேத்தண்ணீரும் தேவைப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் செனவாங், நீலாய், பகாவ் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. வேலை இப்போது பேக்டரி ஷிப்ட், கார்டு வேலை, லாரி, வேன். உட்கார்ந்த வேலைக்கும் அதே தட்டுச் சோறு. கூடவே காலையில் ரொட்டி சானாய், இடையில் சுண்டிய பால் ஊற்றிய தே தாரிக், இரவு ஷிப்ட் முடிந்ததும் மீ கோரேங். இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. உழைத்த உடம்புக்காக உருவான சாப்பாட்டு முறையை, உழைப்பு போனபின் மாற்றிக்கொள்ள யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

எடுத்துக்காட்டுக்கு அண்ணன் தம்பி இருவரை வைத்துக்கொள்வோம். இருவரும் 168 செ.மீ. உயரம். அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறார். நீண்ட அலுமினியக் கம்பின் முனையில் அரிவாளை மாட்டி அண்ணாந்து இழுத்து, பதினைந்து இருபது கிலோக் குலைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறார். எடை 74 கிலோ, பி.எம்.ஐ. 26.2. தோளும் தொடையும் முறுக்கேறியிருக்கும், இடுப்பு 82 செ.மீ. தம்பி பேக்டரியில் இரவு ஷிப்ட் மெஷின் பார்க்கிறவர். எடை 64 கிலோ, பி.எம்.ஐ. 22.7, கை மெலிவு, இடுப்பு 90 செ.மீ. அட்டையைப் பார்த்தால் எச்சரிக்கை அண்ணனுக்கு, பாராட்டு தம்பிக்கு. ரத்தப் பரிசோதனையில் முதலில் மாட்டக்கூடியவரோ தம்பிதான். அண்ணனுக்கு எடையைக் குறைக்கச் சொல்லி டயட் எழுதிக் கொடுத்தால் அவருடைய சதைதான் போகும், மறுநாள் குலையைத் தூக்க முடியாது. அவருக்கு வேண்டியது வேறு: கழுத்துக்கும் இடுப்புக்கும் தளர்வுப் பயிற்சி, போதிய தண்ணீர், தூக்கம். வேலைக்குப் பின் ஜிம்முக்குப் போய் மேலும் பளு தூக்குவதை நான் அவருக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

டேப்பை எங்கே வைப்பது

இந்த இருவரையும் பிரித்துக் காட்டியது இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் தையல்காரர் டேப்பு. ஆசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.-ஐயும் பெண்களுக்கு 80 செ.மீ.-ஐயும் தொட்டால் ஆபத்து தொடங்குகிறது. இதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டியும் 2022-இல் அதை ஏற்றது. இடுப்பு, உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கவேண்டும். 168 செ.மீ. உயரத்துக்கு 84. ஒரு கயிற்றை உங்கள் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொடவில்லை என்றால் வேலை இருக்கிறது.

அளப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கைலி முடிச்சு விழும் இடத்திலோ பெல்ட் ஓட்டையிலோ அளப்பது கணக்கில் சேராது. ‘இருபது வருசமா அதே முப்பத்திரண்டு சைஸ் சிலுவார்தான் போடுறேன்’ என்று சொல்லும் மாமாக்களின் சிலுவார், வயிற்றுக்குக் கீழே இறங்கி இடுப்பெலும்பில் நின்றுகொண்டிருக்கும்; வயிறு அதற்கு மேலே தனியாக இருக்கும். சரியான இடம் இது: விலாப்பக்கம் கையை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தொடுங்கள். பிறகு கையைக் கீழே இறக்கி இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. சட்டையை விலக்கி, கால்களைச் சற்று அகட்டி நின்று, டேப்பை அந்தப் புள்ளி வழியாகத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப்பு கீழே சரிந்துவிடும், கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு, அந்த முடிவில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது, தோலை இறுக்கக் கூடாது. இரண்டு முறை அளங்கள்; ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும்.

எடையும் இப்படித்தான், ஒழுங்காகப் பார்த்தால் மட்டுமே பயன். காலையில், கழிவறை போய்வந்தபின், சாப்பிடுமுன், அதே நிறுவையில், சிமெண்டுத் தரையில். பலகைத் தரையிலும் தடித்த விரிப்பிலும் நிறுவை பொய் சொல்லும். வாரத்துக்கு ஒரு நாள் போதும். பழம் வெட்டிவிட்டு மதியம் வந்து நின்று, ‘இரண்டு கிலோ குறைஞ்சிருச்சு’ என்று மகிழ வேண்டாம், வியர்வையில் போனது தண்ணீர். பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு பாடாங்கில் ஓடும் இளைஞர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். இந்த நாட்டு வெக்கையில் அது கொழுப்பைக் கரைக்காது, உடல் சூட்டை ஏற்றி மயக்கத்தில் தள்ளும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

எதை இலக்காக வைப்பது

‘மூன்று மாதத்தில் பி.எம்.ஐ.-யை 27-இலிருந்து 23-க்குக் கொண்டுவருவேன்’ என்று யாராவது எழுதிக்கொடுத்தால் நான் அதை ஏற்கமாட்டேன். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 11 கிலோ. பட்டினி கிடந்து இறக்கினாலும் கொழுப்போடு சதையும் போய்விடும், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் திரும்புவது கொழுப்பு மட்டும். நான் ஏற்கும் இலக்கு இது: உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து, ஆறு மாதத்தில். அதாவது அதே உயரத்தில் 74 கிலோ இருப்பவருக்கு நான்கிலிருந்து ஏழு கிலோ. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்க அதுவே போதுமானது. எண் 23-ஐத் தொட்டாகவேண்டும் என்று அவை காத்திருப்பதில்லை.

எடை அசையாமலே நன்மை வரும் என்பதற்கு நம்மவர்களிடமே நல்ல ஆதாரம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இனிப்புநீரின் விளிம்பில் நின்ற 531 பேரைப் பல பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்குத் தினமும் அரைமணி நேர வேக நடையும் சீனி, எண்ணெய், சோறு ஆகியவற்றில் அளவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஏற்கெனவே உடலுழைப்பு வேலையில் இருந்தவர்களிடம், அதையே தொடருங்கள் என்றார்கள். முடிவு 2006-இல் வெளிவந்தது. சுமார் இரண்டரை ஆண்டில் அந்தப் பிரிவில் இனிப்புநீராக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. எடை பெரிதாகக் குறையவே இல்லை. நிறுவையை மட்டும் பார்த்திருந்தால் அந்த மக்கள் தோற்றுவிட்டதாகத்தான் எழுதியிருக்க வேண்டும். இரண்டு மாதம் நடந்தும் முள் அசையவில்லை என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஆய்வைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நம் பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. நான்காம் ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்கு செகாக் என்ற உடற்தகுதிச் சோதனை நடக்கிறது. அதில் பி.எம்.ஐ. ஒரு பக்கம் பதிவாகும். தகுதிக்கான புள்ளிகளோ நான்கு செயல்களுக்கு: பெஞ்சில் மூன்று நிமிடம் ஏறி இறங்கி நாடித்துடிப்பு எண்ணுவது, தண்டால், படுத்து அரைவாசி எழுவது, கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டுவது. உடம்பின் அளவும் உடம்பின் திறனும் வெவ்வேறு என்பது பள்ளிக்கூடத்தில் தெரிந்திருக்கிறது, பெரியவர்கள்தான் மறந்துவிட்டோம். பிள்ளை வீட்டுக்கு வரும்போது நீங்களும் சேர்ந்து செய்து பாருங்கள். வாசல்படியில் மூன்று நிமிடம், ஒரே சீராக. உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத் துடிப்பை எண்ணி எழுதுங்கள். அடுத்த மாதம் அதே படியில் அதே வேகத்தில் துடிப்பு குறைந்திருந்தால் உங்கள் இதயம் தேறுகிறது. நெஞ்சு வலி, கிறுகிறுப்பு, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். இதயநோய் உள்ளவர்களும், இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் தொடங்குமுன்பே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இந்தப் புத்தகத்தில் நான் வைக்கச் சொல்லும் இலக்குகள் மூன்றுதான். இடுப்பு, உயரத்தில் பாதிக்குக் கீழே வரும் வரை மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போதும். வாரத்துக்கு 150 நிமிடமாவது, பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடை. தோட்டத்துச் செம்மண் பாதையோ பாடாங்கோ எதுவானாலும் சரி. வாரத்தில் இரண்டு நாள் சதைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், ஐந்து லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி நடப்பது. எடுத்துக்காட்டுத் தம்பிக்கு இந்த மூன்றாவதுதான் முதலாவது. அவர் மெலிய வேண்டியதில்லை, சதை ஏறவேண்டும். இடுப்பு இறங்கி, எடை அப்படியே நின்றாலும் அவருக்கு வெற்றிதான். சாப்பாட்டுக்கு அரசாங்கமே சொல்லும் ‘சுகு சுகு செப்பாரோ’ முறை நல்லது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு, மீதிப் பாதி காய்கறி, பழம். வாழையிலை விருந்தில் அது நடக்காது என்பது எனக்கும் தெரியும், அன்றாடத் தட்டில் நடந்தால் போதும்.

வயதானவர்களுக்குக் கணக்கு வேறு

லயத்தில் வாழ்ந்து, வாளி சுமந்து, இப்போது மகன் வீட்டில் இருக்கும் பாட்டிகளிடம் பி.எம்.ஐ. இன்னும் குழப்பும். முதுகு வளைந்து உயரம் குறைந்துவிட்டது. எடை மாறாமல் இருந்தாலும் உயரம் குறைந்ததால் எண் ஏறும். அப்படிப்பட்டவர்களுக்கு இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்தால் இளமையில் இருந்த உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

அறுபத்தைந்தைத் தாண்டியவருக்கு 24, 25 என்று எண் வந்தால் எடை குறைக்கச் சொல்லி அவரை வாட்டாதீர்கள். இந்த வயதில் பயப்பட வேண்டியது சதை கரைவது. கெண்டைக்காலின் தடித்த இடத்தில் டேப்பை வையுங்கள். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வகுத்தபடி, ஆணுக்கு 34 செ.மீ.-க்கும் பெண்ணுக்கு 33-க்கும் கீழே இருந்தால் சந்தேகப்படலாம். பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால்பலம் குறைந்துவிட்டது. தினமும் முட்டை, பருப்பு, மீன் கூட்டி, அதே எழுந்து உட்காரும் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைக்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் புரதத்தின் அளவை டாக்டரே சொல்லட்டும். முயற்சி எதுவும் செய்யாமலே சில மாதங்களில் எடை இறங்கினால், எந்த வயதானாலும், அதைப் பாராட்டாகக் கொள்ளாமல் கிளினிக்குக்குப் போங்கள். இனிப்புநீரும் காசநோயும் அப்படித்தான் தலைகாட்டும்.

பிள்ளைகளுக்கு மேலே சொன்ன 23-உம் 27.5-உம் பொருந்தாது, அவர்களுக்கு வயதையும் பாலினத்தையும் வைத்துத் தனி அட்டவணை உண்டு. கர்ப்பிணிகள் இந்தக் கணக்கையே ஒதுக்கிவிடலாம். கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையைத் தாய்சேய் கிளினிக்கில் சொன்னால் போதும்.

நாற்பது வயது நிறைந்த, குறைந்த வருமான (பி40) குடும்பத்தினருக்கு 2020 முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது; பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் பார்க்கிறார்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோனால் தகுதி உண்டா என்று சொல்லிவிடுவார்கள். போகும்போது வீட்டில் எடுத்த எடை, இடுப்பு அளவு, நாடித்துடிப்பு மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அப்பா அம்மாவுக்கு என்ன வியாதி இருந்தது, எந்த வயதில் வந்தது என்பதையும் அதில் சேருங்கள். டாக்டர் பி.எம்.ஐ.-யை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றால், ‘இடுப்பையும் ஒருமுறை அளந்து எழுதுங்க டாக்டர்’ என்று கேளுங்கள். அட்டையில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டால், ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தாலும் அந்த எண் அங்கே இருக்கும்.